புகைக்குச் சான்றிதழ் உண்டு, ஷொக்குக்கு இல்லை

மலையகத்தில் ஒரு வாகனம் பள்ளத்தில் வீழ்ந்தால் மறுநாள் நமது நாளிதழ்களில் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. "வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி..." என்று அது தொடங்கும். பொலிஸார் சொல்வார்கள், பிரதேச நிருபர் எழுதி அனுப்புவார், ஆசிரிய பீடம் பிரசுரிக்கும். செய்தி அறைகளில் இருந்த காலமெல்லாம் அந்த வாக்கியத்தோடுதான் வாழ்ந்திருக்கிறேன். கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது என்று எவரேனும் கேட்டால் வேகம், மது, நித்திரை, மழை, பிரேக் ஆகிய ஐந்தில் ஒன்று விடையாகிவிடும். ஷொக் எப்சோபர் என்ற சொல் விபத்துச் செய்தியொன்றில் இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் நுவரெலியா சீசன் தொடங்கியதும் கிரகரி வாவிக் கரையில் பழைய வேகக் கார்களின் அணிவகுப்பைக் காணலாம். 1990களின் சுபாரு இம்ப்ரெஸா, மிட்சுபிஷி லான்சர், ஹொண்டா சிவிக், டொயோட்டா ஸ்டார்லட் என்று முப்பது வயதை எட்டியவையும் கடந்தவையும் புதுப் பெயின்ற் பூசி வந்து நிற்கும். இவை இன்னும் ஓடுவதற்கு ஆசை மட்டும் காரணமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. கையில் இருந்த காரை எவரும் விடவில்லை. விட்டால் வேறொன்று வாங்க முடியாது. நாடு முழுவதும் வாகனங்கள் ஒன்றாக மூப்படைந்தன, அவற்றின் ஷொக்குகளும்தான்.

இக்கார்களில் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் மக்பெர்சன் ஸ்ட்ரட் எனப்படும் அமைப்பாகும். ஏர்ல் மக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயர் அது. 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்ட் கான்சல், செஃபர் கார்கள் வழியாக உலகம் இதனை அறிந்தது. சுருள் ஸ்பிரிங்கின் நடுவே ஷொக் எப்சோபரைச் செருகி, மேல்முனையைக் காரின் உடலோடும் கீழ்முனையைச் சக்கரத்தின் முழங்கையோடும் பொருத்திவிடுவார்கள். மலிவானது, இடத்தை அடைக்காதது. இம்ப்ரெஸாவில் பின்சக்கரங்களுக்கும் இதே ஏற்பாடுதான். ஆகவே அந்தக் கார் நான்கு ஸ்ட்ரட்களின் மேல் நிற்கிறது.

பலரும் பிழையாக விளங்கிக்கொண்டிருப்பது ஒன்று. காரின் பாரத்தைத் தாங்குவது ஷொக் அன்று, ஸ்பிரிங். குழியில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் தன்பாட்டில் விட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதே ஷொக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துவாரங்கள் வழியே தள்ளும்போது அசைவு வெப்பமாக மாறி அடங்கிப்போகிறது. முத்திரை தேய்ந்து எண்ணெய் கசிந்தாலும், உள்ளேயிருக்கும் வால்வுகள் தளர்ந்தாலும் ஸ்பிரிங்கை அடக்க ஆளில்லை. சக்கரம் கணப்பொழுது வீதியை விட்டு எழும். எழுந்த சக்கரத்திற்குப் பிரேக் பிடித்துப் பயன் என்ன? ஸ்டியரிங்கைத் திருப்பித்தான் பயன் என்ன?

தேய்மானத்தின் கொடுமை என்னவென்றால் அது அறிவித்து வருவதில்லை. பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும், பெட்டரி இறந்தால் கார் கிளம்பாது. ஷொக் மட்டும் ஒவ்வொரு மாதமும் கடுகளவு பலம் இழக்கும், ஓட்டுநரின் கையும் காலும் அதற்கேற்பப் பழகிவிடும். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியை எண்ணிப் பாருங்கள். கடல் மட்டத்திற்குச் சற்று மேலே தொடங்கி ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திற்கு வந்து சேருகிறோம். ஏறும்போது கவலை குறைவு. இறங்கும்போது காரின் பாரம் முன்னே சாய்கிறது. வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால் மூக்கு குனிந்து பின்புறம் இலேசாகிறது. தளர்ந்த ஸ்ட்ரட் அந்தக் குனிவைத் தடுக்காது. அதே வேளை மழைநீர் அரித்த குழியொன்று வளைவின் நடுவில் வந்தால், அதன் பிறகு நடப்பதைத்தான் "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்று எழுதுகிறோம். பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துக் கல்வீதிகளில் இறங்கினால் கதையே வேறு. கொழும்பில் பல ஆண்டுகள் உழைக்கும் ஷொக் அங்கே அதில் பாதிக் காலம் தாக்குப்பிடித்தாலே அதிசயம்.

நண்பர் ஒருவரிடம் அத்தகைய இம்ப்ரெஸா ஒன்று இருக்கிறது. டர்போவைப் புதுப்பித்தார், பெரிய புகைக்குழாய் மாட்டினார், அகன்ற டயர் போட்டார், தாழ்ந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக் காரை நிலத்தோடு நிலமாக இறக்கினார். ஸ்ட்ரட் நான்கும் ஜப்பானிலிருந்து வந்தபோது இருந்தவையே. ஹட்டனில் அவருடைய கராஜ்காரர் அண்மையில் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எஞ்சினுக்குன்னா கடன் வாங்கியாவது வருவாங்க ஐயா. ஷொக் மாத்தணும்னு சொன்னா அடுத்த மாசம் பார்ப்போம்னு போயிருவாங்க." முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேடும் பள்ளமுமாக, அலையலையாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் வீதியில் உருளாமல் துள்ளிச் சென்றதன் அடையாளம் அது. காரின் மூலையைக் கையால் அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை அவர் நம்புவதில்லை. வாயு நிரப்பிய ஷொக்குகளில் அது பாதி உண்மையைத்தான் சொல்லும்.

தாழ்ந்த ஸ்பிரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகுக்காகக் காரை இறக்குவோர், ஸ்ட்ரட்டின் தண்டு மேலும் கீழும் போய்வரும் தூரத்தைத் தாமே வெட்டிவிடுகிறார்கள். சிறு குழியிலும் அது அடிமுட்டும். முட்டலைத் தாங்கும் இறப்பர்த் துண்டு சில மாதங்களில் நொறுங்கிவிடும், பிறகு இரும்பு இரும்போடு மோதும். சமதளப் பந்தயத்திடலுக்குப் பொருந்துவது இறம்பொடைக் கணவாய்க்குப் பொருந்தாது.

ஸ்ட்ரட் மாற்றுவதென்பது போல்ட் கழற்றி போல்ட் பூட்டும் காரியமன்று. அமுக்கப்பட்ட சுருள் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலிமை கொண்டது. அதற்கென உள்ள அமுக்கும் கருவியை இரு பக்கமும் சமமாகப் பூட்டாமல் மேல் நட்டைக் கழற்றக் கூடாது. கயிறாலும் கம்பியாலும் கட்டிவிட்டு வேலை பார்க்கும் துணிச்சலைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். துணிச்சல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நட்டை இறுக்கும்போது தண்டு சுழலாமலிருக்க அதைக் குறட்டால் பிடிப்பது இன்னொரு வழக்கம். பளபளக்கும் அந்தக் குரோம் மேற்பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், புதிய ஸ்ட்ரட்டின் முத்திரையை அதுவே அறுத்துவிடும். மேலே உள்ள இறப்பர் மவுண்டையும் பெயரிங்கையும் தூசுக் காப்பையும் பழையபடியே பூட்டிவிடுவது கஞ்சத்தனம். கழற்றிப் பூட்டும் கூலி ஒரு முறைதான். இம்ப்ரெஸாவின் முன்புறத்தில் ஸ்ட்ரட்டையும் முழங்கையையும் இணைக்கும் மேல் போல்ட், சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கும் போல்ட்டுமாகும். கழற்றுமுன் அதன் நிலையை அடையாளமிட வேண்டும். எப்படி அடையாளமிட்டாலும் இறுதியில் வீல் எலைன்மன்ட் பார்க்காமல் காரை வீதிக்கு எடுக்கக் கூடாது.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு இந்நாட்டில் வழக்கமான விடை பஞ்சிகாவத்தை. ஜப்பானில் வெட்டிக் கழற்றிய பாகங்கள் அங்கே மலைபோல் குவிந்துள்ளன. எஞ்சினையோ கியர்ப் பெட்டியையோ பழையதாக வாங்குவதில் நியாயம் இருக்கலாம். பழைய ஷொக்கை வாங்குவது பழைய தீக்குச்சியை வாங்குவது போன்றது. எத்தனை இலட்சம் தடவை மேலும் கீழும் போய்வந்தது என்று விற்பவருக்கும் தெரியாது, கையால் அமுக்கிப் பார்க்கும் நமக்கும் தெரியாது. கசிந்த ஷொக்கைத் துளையிட்டு எண்ணெய் நிரப்பி ஒட்டித் தருவோரும் இருக்கிறார்கள். அது சில வாரங்களுக்குக் காரை இறுக்கமாகக் காட்டும், அவ்வளவே. புதிய ஸ்ட்ரட்டின் விலை கசக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் புகைக்குழாய்க்கும் அகன்ற டயருக்கும் கசக்காத பணம் இதற்கு மட்டும் ஏன் கசக்கிறது?

இனி அரசாங்கத்திடம் வருவோம். 2008 முதல் இந்நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை கட்டாயம். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கு அது வேண்டாம். முப்பது வயதான, இருநூறு குதிரைவலுவைத் தாண்டிய ஒரு கார் எண்ணெய் ஒழுகும் நான்கு ஸ்ட்ரட்களோடு வந்து நின்றாலும், குழாயில் கம்பியைச் செருகிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம். காற்றைக் காப்பது நல்லதே. அதே மேடையில் நிற்கும் அதே காரின் சக்கரத்தின் பின்னால் ஒரு டோர்ச் லைட்டை அடித்துப் பார்க்க எத்தனை நிமிடம் பிடிக்கும்? பிரித்தானியாவில் மூன்று வயதைக் கடந்த கார் ஆண்டுதோறும் சோதிக்கப்படுகிறது, ஷொக் ஒழுகினால் தேறாது. ஜப்பானில் முதல் மூன்றாண்டுக்குப் பின் இரண்டாண்டுக்கு ஒரு முறை. இந்தியாவில்கூடப் பதினைந்து வயதில் தனியார் காரும் ஒரு தடவை பரிசோதனைக்குப் போய் நிற்க வேண்டும். நம்மிடம் எந்த வயதிலும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே மலையில் இதே ரகக் கார்கள் முறையாகப் பரிசோதிக்கப்படும் நாட்களும் உண்டு. மாகாஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கார்கள் ஒவ்வொன்றாக நேரத்தை எதிர்த்து ஏறும். பந்தயத்திற்கு முன் சோதனையாளர்கள் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் பார்ப்பது மோட்டார் விளையாட்டின் பொது விதி. ஓரிரு நிமிட ஓட்டத்திற்கு, வீதியை மூடிவிட்டு, இவ்வளவு சோதனை. மறுநாள் அதே வீதியில் வேறொரு கார் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அருகால் சீறிப் போகும்போது எந்தச் சோதனையும் இல்லை. மலையகத்தின் பெரும்பாலான வீதிகளில் நடைபாதை கிடையாது. கொழுந்து நிறுக்கப் போகும் பெண்களும் பாடசாலை விட்டு லயத்திற்குத் திரும்பும் பிள்ளைகளும் தாரின் ஓரத்து வெள்ளைக் கோட்டில்தான் நடக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் தடம் விலகி ஏழு பேர் இறந்தனர். பந்தயத்தையே நிறுத்துங்கள் என்று அப்போது குரல்கள் எழுந்தன. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லையில் மாணவர்கள் வந்த பஸ், ஒரு வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் மாண்டபோது குறுக்கு வீதியில் கனரக வாகனங்கள் தடுக்கப்பட்டன. 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் சாரதிகளைப் பற்றியும் பஸ்களின் நிலையைப் பற்றியும் வாரக்கணக்கில் பேசினோம். இவற்றில் எதற்கும் ஷொக்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஏழு பேர் இறந்தால் ஒரு விதி பிறக்கிறது. ஒருவர் இறந்தால் நான்கு வரிச் செய்தி வருகிறது, அத்தோடு காரைக் கிரேன் தூக்கிச் செல்கிறது. அந்தக் காரின் ஸ்ட்ரட்டை எவராவது கழற்றிப் பார்த்தார்களா என்று கேட்கும் பழக்கம் பொலிஸாரிடமும் இல்லை, நிருபர்களிடமும் இல்லை.

இன்னொரு சான்றிதழ் என்றால் இன்னொரு வரிசை, இன்னொரு கையூட்டு என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் பொய்யன்று. பழைய வானொன்றை வைத்துப் பிழைக்கும் தோட்டத்து இளைஞனின் வயிற்றில் இது அடிக்கக் கூடாது என்பதிலும் எனக்கு உடன்பாடே. அதனால்தான் முதல் இரண்டு ஆண்டுகள் தண்டனை வேண்டாம் என்கிறேன். பதினைந்து வயதைக் கடந்த வாகனங்களுக்கு மட்டும், புகைப் பரிசோதனை நிலையத்திலேயே, எண்ணெய்க் கசிவு, டயர் தேய்மானம், மேல் மவுண்டின் ஆட்டம் ஆகிய மூன்றையும் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். உரிமையாளர் கையில் அந்தத் தாள் இருந்தாலே, அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்வது கொஞ்சம் கடினமாகும். குழிகளை மூட வேண்டிய வீதி அபிவிருத்தி அதிகார சபையும் தோட்டக் கம்பனிகளும் இதனால் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. அது தனிக் கட்டுரைக்குரியது.

நண்பரின் கார் இப்போது கராஜில் மேடையேறி நிற்கிறது. முன்னிரண்டும் பின்னிரண்டும் புதியவை வரவேண்டும். அடுத்த சீசனுக்கு மலையேற நினைக்கும் மற்றவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்: ஸ்ட்ரட்டை எப்போதும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒழுகுகிற பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று எவரேனும் சொன்னால், காரை எடுத்துக்கொண்டு வேறு கராஜுக்குப் போய்விடுங்கள்.