பன்னிரண்டு வரியும் மூன்று கேள்வியும்

சென்ற வாரம் என் தமையனாரின் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பல்கலைக்கழகத்திற் கணினி பயில்பவன்.

"சித்தப்பா, நான் எழுதி அனுப்பியது பன்னிரண்டே வரி. மூன்று கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூலி கேட்டேனா? இலவசமாகக் கொடுப்பதையும் வாங்க மறுக்கிறார்களே!" என்றான்.

நேயர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திறந்த மூல மென்பொருள் என்று ஒருவகை உண்டு. அதன் நிரலை எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், தம் திருத்தத்தை அதன் பொறுப்பாளருக்கு அனுப்பியும் வைக்கலாம். அவர்கள் ஆராய்ந்து, தகுதியுடையதெனக் கண்டாற் சேர்த்துக்கொள்வார்கள். வாசிகசாலைக்கு நூல் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வாசிகசாலையார் கொடுப்பவரைக் குறுக்கு விசாரணை செய்வர்.

பையனுக்கு ஆறுதல் கூறாமல், நடந்த சம்பவம் ஒன்றைச் சொன்னேன்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இத்தகைய மென்பொருள்களுள் ஒன்று. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கிலக்கமும் வழியிற் பிறர் கண்ணிற் படாதபடி காப்பது அதன் தொழில். ஜேர்மனியில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதற்குப் புதிய பகுதியொன்றை எழுதி உதவினார். இரு கணினிகளிடையே தொடர்பு அறாமல் இருக்கின்றதா என்று நாடி பிடித்துப் பார்க்கும் பகுதி அது. பொறுப்பாளர் ஒருவர் பார்வையிட்டு, 2011 டிசெம்பர் 31 ஆம் நாள் அதனைச் சேர்த்துக்கொண்டார்.

நாடி பார்க்கும் முறை எளிது. "'நலம்' என்னும் சொல்லைத் திருப்பி அனுப்பு, அது மூன்றெழுத்து" என்று ஒரு கணினி கேட்கும், மற்றது அவ்வாறே அனுப்பும். ஆனால், மூன்றெழுத்தை அனுப்பிவிட்டு "அது 60,000 எழுத்து" என்று ஒருவன் பொய் சொன்னால்? சொன்ன அளவு மெய்தானா என்று பார்க்கும் வரி எழுதப்படவில்லை. எனவே, அந்த அப்பாவிக் கணினி மூன்றெழுத்தோடு, நினைவகத்தில் அதற்கடுத்துக் கிடந்தவற்றையும் அள்ளிக் கொடுத்தது. அங்கே பிறருடைய கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் கிடக்கக்கூடும் அன்றோ!

2014 ஏப்பிரலில் வெளிப்பட்ட இக்குறை 'ஹார்ட்பிளீட்' என்று பெயர் பெற்றது. நம் உறவினர் பலர் வாழும் கனடாவில், வரித் திணைக்களத்திலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் களவு போயின. திருத்தமோ, அளவைச் சரிபார்க்கும் சில வரிகளே.

எழுதியவரைப் பழிப்பது எளிது. நான் பழிக்கமாட்டேன், அதில் வஞ்சகமில்லை, தவறியதை அவரே ஒப்புக்கொண்டார். என்னை உறுத்துவது வேறு. எவரும் படிக்கலாமென்று இரண்டாண்டுக்கு மேல் திறந்து கிடந்த நிரல் அது. அதை நம்பிப் பெருநிறுவனங்கள் வணிகம் நடத்தின. அதைப் பேணியவர்களுக்கு அந்நாளில் ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2000 டொலர்! எழுத ஆள் வந்தது. உட்கார்ந்து படிக்க ஆள் போதவில்லை.

"உன் பன்னிரண்டு வரியை, மூன்று கேள்வி கேட்கும் அளவுக்கு ஒருவர் படித்திருக்கிறாரே, அவருக்கு யார் கூலி கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

பையன் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டுப் போனான். மறுநாட் காலை தொலைபேசியில், "இரண்டாவது கேள்வி நியாயமானதுதான், சித்தப்பா" என்றான். மூன்றாவதைப் பற்றி மூச்சு விடவில்லை.