குடையும் கையொப்பமும்

கண்டி வாவிக் கரையிலோ பேராதனைப் பூங்காவிலோ ஒரே குடைக்குள் இருவர் அமர்ந்திருக்கக் கண்டால் போதும். அவர்கள் ஏறும் பஸ் அக்குறணையை அடையுமுன்பே செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது. ஒழுக்கம் அழிந்தது என்று ஓலமிடுகிறார்கள் நம் பெரியோர். பையனுக்கு நாலு நாள் வசை. பெண்ணுக்கோ படிப்பே நின்றுபோகிறது.

இப்பெரியோரை ஒன்று கேட்கிறேன். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை; வலியாகிய தந்தை ஒப்பமிட்டால் போதும் என்றது. 12 வயது நிரம்பாத சிறுமியின் நிக்காஹ்வையும் காதியின் அனுமதியிருந்தால் பதியலாம் என்றது. 1995இல் பொதுச் சட்டம் திருமண வயதை 18 ஆக உயர்த்தியபோதும், அவ்வுயர்வு நம் பெண்களை எட்டவில்லை. அப்பொழுதெல்லாம் எங்கே போயிருந்தது இந்த ஓலம்? வீடும் ரொக்கமும் கைக்கூலியாகப் பேரம் பேசப்படும்போது ஒழுக்கம் எந்த மூலையில் உறங்குகிறது?

குடைக்குள் இருப்போரெல்லாம் உத்தமர் என நான் வாதாட வரவில்லை. ஏய்ப்பவனும் அங்கே உண்டு; ஏமாந்து அழுதவளும் உண்டு. ஆயினும், உனக்கு விருப்பமா என்று அவளை ஒருவன் கேட்ட இடம் அதுதான். பெண்ணின் சம்மதமின்றி நிக்காஹ் இல்லையென்று மேடையில் முழங்குவோரே, அடுத்த கலியாணத்தில் அந்தப் பேனாவை அவள் கையிலும் ஒருமுறை கொடுங்கள்.