குளிசையின் குற்றம் குழந்தையின் தலையிலா?

வலிப்பு நின்றது; நினைவு மங்கிற்று. நேற்று ஒப்புவித்த பாடத்துக்கு இன்று பிள்ளை விழிக்கிறான். "மந்தம்" என்கிறார் ஆசிரியர். "சோம்பல்" என்று அடித்தார் தகப்பன். குளிசையும் காரணமாகலாம் என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. காணி வழக்கொன்றுக்காக எம்மிடம் வந்த வட்டுக்கோட்டைக் கமக்காரர் ஒருவர், மகனை அடித்த கையைப் பார்த்துக் கண்கலங்கினார்.

மருந்தை நாம் பழிக்கவில்லை. வலிப்பு உயிரைக் குடிக்கும், நினைவையும் அரிக்கும். ஆயினும், 1912 முதல் வழங்கிவரும் பீனோபாபிற்றோன், மூளையின் மிகைக் கிளர்ச்சியை அடக்கும்போதே விழிப்பையும் கவனத்தையும் மழுங்கச் செய்யக்கூடும். காய்ச்சல் வலிப்புக்காக இம்மருந்து விதிக்கப்பட்ட குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு, ஈராண்டின் பின், மருந்தற்ற போலி கொடுக்கப்பட்ட குழந்தைகளினும் சராசரி 8.4 புள்ளி குறைந்திருந்ததாக 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. தொப்பிரமேற்று என்னும் மருந்தோ சிலருக்குத் தெரிந்த சொல்லையும் நாவில் வராமற் செய்கிறது. அளவு கூடினும், பல மருந்துகள் சேரினும் இடர் மிகும். லமோற்றிஜின் போன்றவை நினைவை அவ்வளவு தாக்குவதில்லை.

"இவற்றைச் சொன்னால் பாமரர் குளிசையை நிறுத்திவிடுவர்" என்பர் சிலர். சொல்லாதபோதன்றோ நிறுத்துகின்றனர்! காரணம் அறியாதவன் ஒளித்து நிறுத்துகிறான். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு மூண்டு உயிரே போகலாம். அறிந்தவனோ, "அளவைக் குறைக்கலாமா? மருந்தை மாற்றலாமா?" என்று வைத்தியரிடமே கேட்பான். அறியாது கொடுத்த சம்மதம் சம்மதமன்று. இது சட்டத்தின் அரிச்சுவடி.

தமிழில் விளக்க இயலாதென்ற சாக்கும் செல்லாது. 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். அன்று இயன்றது, 1987இல் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட பின்னர் இயலாதோ?

நாம் கேட்பவை மூன்று. குளிசையோடு எளிய தமிழில் எழுத்து விளக்கம் வேண்டும். கிளினிக்குக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் நினைவைப் பற்றிய வினா வேண்டும். பெற்றோர் இசைந்தால், பள்ளி ஆசிரியருக்கும் அறிவித்தல் வேண்டும்.

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சின் போத்தலில் எச்சரிக்கை தேடும் கமக்காரன், தன் பிள்ளையின் வாயிலிடும் குளிசைக்கு எச்சரிக்கை கேட்கலாகாதா? கேளுங்கள்! குளிசையை நிறுத்தாமலே கேளுங்கள்! விடை வரும்வரை கேளுங்கள்!