வீட்டுக்கொரு ஜெனரேட்டரா, சங்கத்துக்கொன்றா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்து மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. பத்மநாபபுரத்து அங்கத்தினர் வீட்டுக்கொரு ஜெனரேட்டர் விரும்புவது இயல்பே. ஆயினும் பத்து வீட்டார் சேர்ந்து, சங்கத்தின் மூலம் ஒன்றை வாங்குவதே நலம் என்பது என் கருத்து. ஓடாத இயந்திரம் பழுதாகும். முறைவைத்து ஓடுவது நிலைக்கும்.

பெட்ரோல், எரிவாயு இரண்டிலும் இயங்குவதைத் தேர்க. தேக்கி வைத்த பெட்ரோல் சில மாதங்களில் கெடும். உருளையிலுள்ள எரிவாயு கெடாது. ஆனால் எரிவாயுவில் திறன் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும். 1 குதிரைத்திறன் நீர்மோட்டார் ஓட ஏறத்தாழ 1,000 வாட் போதுமெனினும், புறப்படும் கணத்தில் அது சில மடங்கு இழுக்கும். இவ்விரண்டையும் கணக்கிட்டே அளவை முடிவு செய்க. மானிய விலைச் சமையல் உருளையை இதற்குப் பயன்படுத்துதல் முறையன்று.

விலையினும் பெரிது உயிர். வீட்டினுள்ளோ தறிக்கூடத்திலோ இதனை இயக்கலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். மாற்றுச் சுவிட்சு இன்றி வீட்டு மின்கம்பியில் இணைத்தால், மின்சாரம் வீதிக்குப் பாய்ந்து, நமக்காகக் கம்பம் ஏறிய தொழிலாளியைப் பலிகொள்ளும். அச்சுவிட்சுக்கும் சேர்த்தே பொதுக்குழுவில் தொகை ஒதுக்குவீராக.