கடன் கொப்பியும் ஈமானும்

அல்-குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகை, நோன்பு என்றே பலரும் சொல்வோம். ஸூரதுல் பகராவின் 282ஆவது வசனமே அது. கடனை எழுதிவைக்கும் முறையைப் பற்றி அது பேசுகிறது.

பதுளை, பசறை, ஹாலிஎல, வெலிமடை நகரங்களில் நம்மவர் குடும்பங்கள் பல கடையை நம்பி வாழ்கின்றன. அக்கடைகள் தோட்டத்து மக்களை நம்பி நடக்கின்றன. அரிசி, மா, பருப்பு எல்லாம் கடனுக்குப் போகும். தோட்டத்தில் சம்பளம் போட்டதும் பணம் வரும். இடையில் இருப்பது ஒரு கடன் கொப்பி. அது முதலாளியின் மேசையிலேயே கிடக்கிறது. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அதில் எழுதியிருப்பது தெரியாது. சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. வாங்கிய நாளின் விலையைக் குறிக்காத கொப்பியில், பழைய மாவுக்குப் புதிய விலை ஏறுவது எவ்வளவு எளிது! ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரும் இதில் தவறிவிடலாம்.

அந்த வசனம் இதற்கு வழி காட்டுகிறது. கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் சொல்லலாம். பலவீனமானவரின் வாய்க்கே அங்கு முதலிடம். அதற்குச் சற்று முன்னுள்ள 280ஆவது வசனம், கஷ்டப்படும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்கிறது.

இது நம் மார்க்கத்துக்கு மட்டும் உரிய பண்பன்று. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்கிறது திருக்குறள். மனிதரையும் மதுவையும் நஞ்சையும் விற்பதைப் பௌத்தம் விலக்குகிறது. ஆகவே நாம் நேர்மையாக எழுதினால், நம் கடைக்கு வரும் இந்துவும் பௌத்தரும் அதன் பெறுமதியை உடனே உணர்வார்கள்.

“நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம், எழுத்து எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்காதீர்கள் என்பதே இறைவனின் கட்டளை. எழுத்து இருவரையும் காக்கிறது. மறதியால் வரும் மனக்கசப்பு வாடிக்கையையும் கெடுக்கும்.

சகோதரிகளே, கடையில் கணக்கெழுத வாப்பாவுக்கு உதவுபவர்கள் நம்மில் பலர். அடுத்த மாதம் முதல் இரண்டு கொப்பிகள் வைப்போம். திகதி, பொருள், அன்றைய விலை மூன்றையும் வாங்குபவர் முன் எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, ஒரு கொப்பியை அவர் கையில் கொடுப்போம். பள்ளிக்கூடம் போகும் அவருடைய பிள்ளை வீட்டில் அதை வாசித்துச் சரிபார்க்கட்டும்.