புகை வராத குழாய்

தமிழ் எம்.ஏ. படித்தவனை யாராவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டால், பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையில் ஒற்று மிகுமா என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். இந்த முறை அழைத்தவர் செம்பூர் நண்பர். கையில் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலப் பக்கங்கள். வெளிநாட்டில் கார் உதிரிப் பாகங்கள் விற்கும் கம்பெனியின் செய்முறைக் குறிப்புகள். தாராவியில் இருக்கும் ஒரு மெக்கானிக்குக் கூடவே வந்து இதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்றார். ஹிந்தியில் சொல்லிப் பார்த்தாராம், சரிப்படவில்லையாம்.

நண்பருக்கு 72 வயது. ரசாயன ஆலை ஒன்றில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற விஷயங்களில் சிக்கனமான மனிதர். பலவீனம் ஒன்றே ஒன்று: கோப்ரா கார்.

அசல் கோப்ராவின் கதை சுவாரசியமானது. டெக்ஸாஸ்காரரான கரோல் ஷெல்பி, 1959இல் லெமான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற ஓட்டி. ஓட்டுவதை விட்ட பிறகு, 1962இல், ஏ.சி. என்ற சிறிய பிரிட்டிஷ் கம்பெனியின் லேசான இரண்டு சீட் காருக்குள் ஃபோர்டின் வி-8 எஞ்சினைத் தூக்கி வைத்தார். 1965இல் அது 7 லிட்டர் எஞ்சினாக வளர்ந்தது. அறுபதுகளில் தயாரான அசல் வண்டிகள் சுமார் ஆயிரம்தான். அதைப் பார்த்து உலகம் முழுக்கக் கட்டப்பட்ட நகல்கள் அதைப்போல் எத்தனையோ மடங்கு. பந்தயக் கோப்ராவின் அடையாளம், கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் பளபளவென்று படுத்திருக்கும் சைலன்சர் குழாய்கள். காரிலிருந்து இறங்கும்போது ஜாக்கிரதையாக இல்லாவிட்டால் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். அந்தத் தழும்பை 'பாம்புக் கடி' என்று பெருமையாகக் காட்டுபவர்களும் உண்டு.

நண்பரின் கோப்ரா தொண்ணூறுகளின் நடுவில் செம்பூரிலேயே உருவானது. அடியில் ஜீப் சேஸிஸ், மேலே ஃபைபர் பாடி, உள்ளே பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அப்போதெல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றங்களைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வழி இருந்தது. அவரும் எழுதி வாங்கியிருக்கிறார். இன்று அது நடக்காது. தயாரித்த நிறுவனத்தின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. வி-8 எஞ்சினில் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர். ஆகவே இரண்டு பக்கமும் புகை வரும், இரண்டு குழாய் வேண்டும். ஒரே வரிசையில் நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினுக்கு ஒரு குழாய் போதும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் குழாய் வைத்த கோப்ரா, ஒரு காதில் மட்டும் தோடு போட்ட மாதிரி இருக்குமே! எனவே வலப்பக்கம் நிஜக் குழாய், இடப்பக்கம் வெறும் அலங்காரம்.

வலப்பக்கக் குழாய்தான் தொல்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கழன்று தொங்கும். கடகடவென்று சத்தம். ஒவ்வொரு முறையும் ஒரு காராஜுக்குப் போவார், அவர்கள் இன்னும் கனமான பிராக்கெட் வைத்து இன்னும் பலமாக வெல்டிங் அடித்துக் கொடுப்பார்கள். மறுபடி ஒடியும். 2025இல் மறுபதிவு வேறு வந்துவிட்டது. பெட்ரோல் காருக்கு 15 வருடம் முடிந்தால், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.வில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். குழாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அங்கே போக முடியாது.

தாராவி, தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அந்த மெக்கானிக்கின் கடை. திருநெல்வேலிப் பக்கம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பதினைந்து வயதில் பம்பாய் வந்து, ஃபியட் டாக்ஸிகளின் அடியில் படுத்துத் தொழில் படித்தவர். குர்லாவில் தயாராகி, பிரீமியர் பத்மினி என்ற பெயரில் இந்த நகரத்தையே சுமந்த அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளில் கடைசி வண்டி பதிவானது 2003 அக்டோபரில். டாக்ஸிக்கு 20 வருடம் என்ற கணக்கில் 2023 அக்டோபரோடு அவை சாலையிலிருந்து விடைபெற்றன. அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு வருவது ஆட்டோ, டெம்போ, எப்போதாவது இப்படி ஒரு கிறுக்கு வண்டி.

நான் பக்கங்களைப் பிரித்தேன். "இணைப்புகளில் ஓரளவு தளர்வு அனுமதிக்கப்பட வேண்டும்" என்று ஆரம்பித்தேன்.

"லூசா விடச் சொல்லுதா?" என்றார் அண்ணாச்சி.

தளர்வு என்றால் லூசுதானே? இருபது வருடம் மொழிபெயர்ப்பில் குப்பை கொட்டியவன் முழித்தேன்.

"லூசு வேற, ஆட்டம் வேற சார். லூசுன்னா நாம விட்டது. ஆட்டம்னா நாம குடுத்தது. நீங்க அதக் கொஞ்சம் மடிச்சு வைங்க. வண்டி என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேப்போம்."

மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கும் விளையாட்டு என்றுதான் பொருள். நம் பட்டறைத் தமிழில் 'ஆட்டம்' ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கலைச்சொல் அகராதியில் தேடினால் கிடைக்காது.

வண்டியிடம் கேட்பது என்றால் என்ன என்பதை அடுத்த ஒரு மணிநேரம் பார்த்தேன். முதலில் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். "அது டம்மி அண்ணாச்சி, அதுல ஒண்ணும் இல்ல" என்றார் நண்பர். அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழாயைப் பிடித்து அசைத்தார். கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. கட்டிய நாளிலிருந்து அதே பிராக்கெட், அதே போல்ட். குழாய் வாயில் மண்ணால் கட்டிய குளவிக்கூடு ஒன்று.

"ரெண்டு பக்கமும் ஒரே குழா, ஒரே பிராக்கெட், ஒரே ரோடு. குண்டு குழியில குதிச்சா ரெண்டும்தான் குதிக்கும். இது முப்பது வருஷமா கழலல, அது மூணு மாசத்துல கழலுது. அப்ப ரோட்டக் குத்தம் சொல்லக் கூடாது. பிராக்கெட்டயும் குத்தம் சொல்லக் கூடாது. அதுக்கு இல்லாதது இதுக்கு என்ன இருக்கு?"

சூடு இருக்கிறது. எஞ்சினோடு தொடர்பு இருக்கிறது.

குளிர்ந்திருந்த வலக்குழாயில், பின் பிராக்கெட்டை அவிழ்த்துவிட்டு, குழாயிலும் சேஸிஸிலும் நேருக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எஞ்சினைக் கிளப்பி அரை மணிநேரம் ஓடவிட்டார், நடுநடுவே ஆக்ஸிலேட்டரை முறுக்கச் சொல்லி. நிறுத்திய கையோடு ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். ஒரே நேராக இருந்த கோடு இரண்டாகப் பிரிந்து, ஐந்து மில்லிமீட்டர் தள்ளி நின்றது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண இரும்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். ஒன்றரை மீட்டர் குழாய், 300 டிகிரி சூடு ஏறினால் 5.4 மில்லிமீட்டர். சாக்பீஸ் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அதுமட்டுமல்ல. எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாயும், விட்டால் திரும்பும். குழாயின் முன்முனை அதோடு சேர்ந்து ஆடுகிறது. பின்முனையை அசைய விடாமல் சேஸிஸோடு வெல்டிங் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். நீளவும் இடமில்லை, ஆடவும் இடமில்லை. எந்த இணைப்பு பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு காராஜும் இன்னும் கெட்டியாகப் பிடித்ததில், பிளவு பிராக்கெட்டிலிருந்து நகர்ந்து நகர்ந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள முன் ஃபிளாஞ்சுக்கே போய்விட்டது.

அந்த இடத்தில் அண்ணாச்சி டார்ச் அடித்துக் காட்டினார். ஃபிளாஞ்சைச் சுற்றிக் கரி. காஸ்கெட் தின்றுபோய், புகை அங்கேயே கசிகிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, டிரைவர் கால் வைக்கும் பலகை. ஒயர்கள் நுழைய அதில் போட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருந்தன.

"சார், உங்களுக்குத் தலவலி உண்டா?"

நண்பர் திடுக்கிட்டார். உண்டு. ஞாயிறுதோறும் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு ஃபில்டர் காபி குடிக்க இந்தக் காரில்தான் போவார். 2024 ஆகஸ்டில் சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக மூடியதிலிருந்து, சயானைத் தாண்டுவதே ஒரு யாகம். மழைக்கு மேல்துணியை மூடிக்கொண்டு சிக்னலில் நின்றால் தலை கனக்கும், லேசாகச் சுற்றும். கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்துவிட்டுக் காலாற நடந்தால் விட்டுவிடும். காபியின் மகிமை என்று நினைத்திருந்தார். வயசு, பிரஷர் என்று டாக்டர் ஒரு மாத்திரை கூட்டியிருந்தார்.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் தலைச்சுற்றலும் முதல் அறிகுறிகள். அளவு கூடினால் மயக்கம், பிறகு மரணம். ரசாயன ஆலையில் முப்பது வருடம் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் நண்பர். ஒரு வார்த்தை பேசாமல், ஸ்டூலில் உட்கார்ந்து குளிர்ந்த டீயைக் குடித்தார். போன தீபாவளிக்குப் பேரனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஊர் சுற்றியதை அன்று சாயந்திரம்தான் என்னிடம் சொன்னார்.

பழுதுபார்க்க இரண்டு நாள் ஆனது. பழைய வெல்டிங்கையெல்லாம் கிரைண்டர் போட்டு எடுத்தார். முன்னால் ஃபிளாஞ்சுக்குப் புது காஸ்கெட். சூட்டில் ஸ்பிரிங் வாஷர் வலுவிழந்துவிடும் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, துருப்பிடித்து இறுகாத பித்தளை நட்டுகள் போட்டார். ஃபிளாஞ்சுக்கும் குழாய்க்கும் நடுவே, குர்லாவில் வாங்கிய, கம்பி பின்னிய ஃபிளெக்ஸிபிள் துண்டு. எஞ்சினின் ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ளும். பின்னால் இரும்பு பிராக்கெட்டுக்குப் பதில் லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை, அதைப் பிடிக்கும் போல்ட்டுக்கு வட்ட ஓட்டை இல்லை, நீள ஓட்டை. ஃபியட் டாக்ஸியின் சைலன்சரும் ரப்பரில்தான் தொங்கும் என்றார். ஆர்க் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஃபைபர் பாடியின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினார். கால்பலகை ஓட்டைகளை ரப்பர் வைத்து அடைத்தார். எல்லாவற்றையும் கைமுறுக்கில் மாட்டி, எஞ்சினைச் சூடாக்கி, குழாய் தானாக ஓர் இடத்தில் உட்கார்ந்த பிறகு, முன்னாலிருந்து பின்னாலாக முறுக்கினார். மடித்து வைத்திருந்த குறிப்பைத் திறந்து பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் இதே வரிசைதான் இருந்தது.

கூலி 1,800 ரூபாய். சாமான் தனி. நண்பர் கூடக் கொடுக்கப் பார்த்தார், வாங்கவில்லை.

பேச்சு கடையைப் பற்றித் திரும்பியது. கதவில் கணக்கெடுப்பு எண் இருக்கிறது. தாராவிச் சீரமைப்புக்கான டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இடம், மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வெளியே வாடகை வீடு என்பது திட்டம். அண்ணாச்சியிடம் பழைய காகிதங்கள் இருக்கின்றன. மேலே பரணில் தங்கியிருக்கும் இரண்டு பையன்களிடம் இல்லை. "இடம் தரட்டும், வேண்டாங்கல. மூணாவது மாடியில கட குடுத்தா வண்டிய எப்படி ஏத்துறது?" என்றார். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

மறுபதிவுக்குப் போன நாளில் நானும் கூடப் போனேன். மாசுச் சோதனைச் சான்றிதழ் கையில். ஆய்வாளர் இளைஞர், வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து இடப்பக்கக் குழாயருகே நின்றார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, காரின் புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ வெளியேறக் கூடாது, பின்னாலோ வலப்பக்கமோதான் போகவேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், நடைபாதையில் போகிறவர் மூஞ்சியில் அடிக்கக் கூடாதே. அசல் கோப்ரா இங்கே வந்திருந்தால் அந்த இடத்திலேயே மாட்டியிருக்கும்.

"இதுல புகை வராது சார், டம்மி" என்றார் நண்பர்.

ஆய்வாளர் நம்பவில்லை. எஞ்சினை ஓடவிடச் சொல்லி, குனிந்து குழாய் வாய்க்கு அருகே உள்ளங்கையை நீட்டினார். புகை வரவில்லை. குளவி வந்தது.