விழுந்த மதில்களும் தப்பிய வீடும்

மலாக்காவுக்குச் சுற்றுலா போய் வந்த எல்லாருடைய வீட்டிலும் அந்தப் படம் இருக்கும். பழைய கல் வாசல் ஒன்று, அதன் நெற்றியில் 1670 என்ற ஆண்டு, பின்னால் குன்று, முன்னால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நம் குடும்பம். 'ஆ ஃபமோசா கோட்டை' என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது கோட்டை அல்ல, கோட்டையின் ஒரு வாசல்தான். மீதிக் கோட்டை எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கடலோரத்தில் அந்தக் கோட்டையைக் கட்டினார்கள். கல்லுக்காக அவர்கள் தூரம் போகவில்லை. பள்ளிவாசலையும் பழைய மன்னர்களின் கல்லறைகளையும் இடித்து அந்தக் கற்களை எடுத்துக்கொண்டார்கள். 1641-இல், பல மாத முற்றுகைக்குப் பிறகு, டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். பழுது பார்த்து, வாசலில் தங்கள் கம்பெனியின் சின்னத்தைச் செதுக்கினார்கள். 1795-இல் ஊர் பிரிட்டிஷ்காரர் கைக்கு வந்தது. என்றாவது ஒருநாள் மலாக்காவை டச்சுக்காரரிடம் திருப்பித் தர வேண்டி வரலாம், வலுவான கோட்டையோடு எதற்குத் தர வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1807-இல் அதிகாரி வில்லியம் ஃபார்குவார் தலைமையில் கோட்டையை இடிக்கத் தொடங்கினார்கள்.

இதைச் சிறுவனாக நின்று பார்த்த ஒருவர் பிறகு எழுதி வைத்தார். அவர்தான் முன்ஷி அப்துல்லா. அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் தமிழும் படித்தவர். தம் 'ஹிக்காயத் அப்துல்லா' நூலில் அந்த நாட்களைச் சொல்கிறார். கோட்டைக்குள் பேய் பிசாசு குடியிருப்பதாக நம்பிய கூலியாட்கள் கை வைக்கவே பயந்தார்களாம். கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் கோட்டை அசையவில்லை. கடைசியில் வெடிமருந்து வைத்தார்கள். யானை அளவுக் கற்கள் எல்லாம் பறந்து கடலில் விழுந்தன. ஊரின் களையே போய்விட்டது என்று அப்துல்லா வருந்துகிறார். அடுத்த ஆண்டு மலாக்கா வந்த ராஃபிள்ஸ், ஊரைக் கைவிடக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதினார். அந்த ஒற்றை வாசல் மட்டும் நின்றுவிட்டது.

இந்தக் கதையை நான் இப்போது கிளறுவதற்குக் காரணம் என் அக்கா மகன். கோலாலம்பூரில் கட்டுமான இன்ஜினியர். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கள் கேமரன் மலைக்கு வந்திருந்தான். பிரிஞ்சாங் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கேட்டான்: "மாமா, பைபிள்ல எக்காளம் ஊதினதும் எரிகோ மதில் விழுந்துச்சுன்னு இருக்கே, ஆபீஸ்ல ஒரு நண்பர் சொன்னார். சத்தத்துக்குச் சுவர் விழுமா?"

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் விபூதித் தட்டும் அடுத்த வீட்டில் சிலுவையும் இருக்கும். தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்துமஸ் கேக்கும் எல்லாருக்கும் பொதுதான். எரிகோ கதையை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பாட்டி.

யோசுவா ஆகமத்தில் அந்தக் கதை இருக்கிறது. இஸ்ரவேலர் எரிகோவை முற்றுகையிடுகிறார்கள். ஆறு நாளும் நாளுக்கு ஒருமுறை நகரைச் சுற்றி வருகிறார்கள். ஆசாரியர் ஏழு பேர் ஆட்டுக்கொம்பு எக்காளம் ஊதியபடி முன்னே போகிறார்கள். ஏழாம் நாள் ஏழு முறை சுற்றிவிட்டு எல்லாரும் ஒன்றாக ஆர்ப்பரிக்கிறார்கள். மதில் இடிந்து விழுகிறது. அதன் பிறகு நடப்பது கொடுமை. ஆண், பெண், குழந்தை, கிழவர், ஆடு மாடு எதுவும் மிஞ்சவில்லை. ஒரு வீட்டார் மட்டும் தப்புகிறார்கள்.

அந்த வீடு ராகாபுடையது. ஊர் மதிப்பாகப் பார்க்காத தொழில் செய்த பெண். அவள் வீடு இருந்ததே மதிலின் மேல். ஒற்று பார்க்க வந்த இரண்டு அந்நியரை அவள் கூரையில் மறைத்துக் காப்பாற்றியிருந்தாள். அதற்குப் பதிலாக, ஜன்னலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டு, உன் வீட்டாருக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். மதில் விழுந்த நாளில் அந்த வாக்கு நின்றது.

தொல்லியல் சொல்வது வேறு. கேத்லீன் கென்யன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1952 முதல் 1958 வரை எரிகோவில் தோண்டினார். சுமார் 10,000 ஆண்டுப் பழமையான மதிலும், எட்டு மீட்டருக்கும் அதிகமான உயரமுள்ள கல் கோபுரமும் வெளிப்பட்டன. உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய மதில்களில் அதுவும் ஒன்று. ஆனால் யோசுவா வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்தில் அங்கே பெரிய மதில் நின்றதற்குத் தடயம் கிடைக்கவில்லை என்றார் அவர். இன்றும் இது பற்றி வாதம் நடக்கிறது. அக்கா மகனுக்கு இது திருப்தி. எனக்கோ கேள்வி அங்கே முடியவில்லை. மதில் விழுந்ததா என்பது ஒன்று. விழுந்ததாகச் சொல்லி நமக்கு என்ன சொல்ல வருகிறார்கள் என்பது இன்னொன்று.

நம் சமயத்திலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. பொன், வெள்ளி, இரும்பு என மூன்று பறக்கும் கோட்டைகள். அவற்றுக்குள் இருந்து உலகை வாட்டிய அசுரர்கள். சிவபெருமான் சிரித்தே அந்த முப்புரத்தையும் எரித்தார் என்பது புராணம். திருவதிகைக் கோயிலின் தலவரலாறு அது. திருமூலர் இதைத் திருமந்திரத்தில் வேறு விதமாகப் படிக்கிறார். முப்புரம் என்பது கல் கோட்டையல்ல, ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்கள்தான் என்கிறார். எதிரி ஊரில் இருந்த கோட்டையை நம் நெஞ்சுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். இன்றைக்கு எரிகோ கதையைப் பிரசங்கத்தில் சொல்கிறவர்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். பயம், பகை, கடன், குடி எல்லாம் அவர்களுக்கு எரிகோ மதில்.

இது நல்ல பாடம்தான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே பைபிளில், எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டு உட்கார்ந்து அழுகிறார் ஒருவர். பாரசீக அரண்மனையில் ராஜாவுக்குப் பானம் கொடுக்கும் பணியில் இருந்த நெகேமியா. நல்ல வேலை, நல்ல இடம். அதை விட்டு ஊருக்குப் போகிறார். 52 நாளில் மதிலை எழுப்புகிறார். எப்படி? பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாங்களே கட்டினார்கள் என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. அப்படியானால் மதில் விழுவது நல்லதா, எழுவது நல்லதா?

இதற்கு விடை சொன்னது என் அக்கா மகன்தான், அவனுக்கே தெரியாமல். தானா ராத்தா சாலையோரத்தில் மலையை வெட்டிக் கட்டிய தடுப்புச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் வரிசையாகக் குழாய் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவன் காட்டிச் சொன்னான்: "மாமா, சுவரைச் சாய்க்கிறது பெரும்பாலும் மண்ணோட கனம் மட்டும் இல்ல. மழை பேஞ்சா பின்னால தண்ணி தேங்கும். போக வழி இல்லன்னா அது தள்ள ஆரம்பிக்கும். அந்த ஓட்டைதான் சுவரைக் காப்பாத்துது."

சுவரைக் காப்பாற்றுவது ஓட்டை! நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். எரிகோ முழுவதும் அடைத்த நகரம். ஒருவரும் வெளியே போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை என்று அந்த அதிகாரமே தொடங்குகிறது. அந்த மதிலில் இருந்த ஒரே திறப்பு ராகாபின் ஜன்னல். அதன் வழியாகத்தான் அந்நியரைக் கயிற்றில் இறக்கிவிட்டாள். விழாமல் தப்பியதும் அந்த வீடு ஒன்றுதான்.

திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரம் உண்டு. உயரம், அகலம், உறுதி எல்லாம் சொல்லி வந்து, கடைசிக் குறளில் வள்ளுவர், எவ்வளவு சிறந்த அரணானாலும் செயல்திறன் இல்லாதவர்களிடம் அது இல்லாதது போலத்தான் என்று முடிக்கிறார். அவருக்கும் கல்லை விட உள்ளே இருக்கும் ஆள்தான் முக்கியம்.

மதுரையைப் பாருங்கள். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். மதிலை இடிக்க முன்வந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை கிடைத்தது. நெரிசலில் திணறிய ஊர் வெளியே விரிந்தது. வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. ஊரார் நன்றியோடு பிளாக்பர்ன் நினைவாக எழுப்பியதுதான் விளக்குத்தூண். மலாக்காவில் இடித்தவர் அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று இடித்தார். மதுரையில் இடித்தது ஊர் மூச்சுவிடுவதற்காக. இரண்டும் இடிப்புதான், ஆனால் ஒன்றல்ல.

இனி நம் மலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் அளந்த மலை இது. 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம் உட்பட இங்கே வந்த தேயிலைத் தோட்டங்களில் நம் முன்னோர் காடு வெட்டினார்கள், கன்று நட்டார்கள், கொழுந்து பறித்தார்கள். தோட்டம் என்பது கல் இல்லாத கோட்டை. லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக்கடை எல்லாம் அதற்குள். அந்த மதில் நம் மொழியையும் சாமியையும் காப்பாற்றியது. அதே மதில் வெளியுலகத்தை நம்மிடமிருந்து மறைத்தும் வைத்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

அந்த மதிலுக்குள் இருந்தவர்களுக்கும் ஒரு நாள் வந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. நாடு முழுவதும் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். இங்கேயே தங்கிய பலர் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானார்கள். ராகாபின் வீட்டுக்குச் சிவப்புக் கயிறு 'இவர்கள் நம்மவர்கள்' என்று சொன்னது. நம் தாத்தா பாட்டிகளின் சட்டைப்பையில் இருந்த சிவப்பு அட்டை 'இன்னும் இல்லை' என்று சொன்னது.

இன்று அதே தேயிலைச் சரிவில் நம் பிள்ளைகள் குறைவு. படித்து, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். போகட்டும், அதற்குத்தானே பாட்டிகள் கூடை சுமந்தார்கள். நாம் இருந்த லயங்களில் இன்று வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். மழையில் இயந்திரம் பிடித்துக் கொழுந்து வெட்டி, மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களை நம் வாயால் என்னென்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பது நமக்கே தெரியும். கடையில் வரிசையில் நின்றால் தள்ளி நிற்கிறோம். "இவனுங்க வந்து ஊரே கெட்டுப்போச்சு" என்கிறோம். நம் தாத்தாவைப் பற்றியும் யாரோ இதே வாக்கியத்தை இதே ஊரில் சொல்லியிருப்பார்கள்.

மொழியையும் பள்ளியையும் கோயிலையும் காக்க நமக்கு மதில் வேண்டும். அவரவர் வீட்டுக்கு எதிரே இருப்பதை நெகேமியாவின் ஆட்கள் போல அவரவர் கட்டத்தான் வேண்டும். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதும், வீட்டில் தமிழ் பேசுவதும் அந்த வேலைதான். ஆனால் கட்டும்போது ஒரு குழாயை விட்டுக் கட்டுவோம். அடைத்துக்கொண்ட சுவருக்குப் பின்னால் என்ன தேங்குகிறது என்பது விழுகிற வரை தெரியாது.

இதைப் படிக்கும் இளைஞர்கள் பலருக்கு அடுத்த விடுமுறையில் மலைக்கு வரும் எண்ணம் இருக்கலாம். தேயிலைச் சரிவில் நின்று படம் எடுப்பீர்கள். எடுங்கள், அழகான இடம். அந்தப் பச்சைக்கு நடுவே குனிந்து வேலை செய்யும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தால், பெயர் என்ன, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கேளுங்கள். அரைகுறை மலாய் போதும். உங்கள் பாட்டியிடம் அன்று யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!